பால் நேரமும் பீஸ் கணக்கும்

திருப்பூரில் ஏற்றுமதி ஆடை தைக்கும் கம்பெனி ஒன்றில் தொழிலாளர் நல அலுவலராக வேலை பார்த்த ஆண்டுகளில், பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். 2017 முதல் இரண்டு குழந்தைகள் வரை 26 வார விடுப்பு உண்டு. எங்கள் பெண்களில் பெரும்பாலோருக்கு அந்தக் காலத்துப் பணம் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ. வழியாக வந்துவிடும். சிக்கல் 27-ஆவது வாரத்தில்தான் தொடங்கும்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே சொல்லியிருந்தது. எங்கள் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் தொட்டில், பாய், ஆயா எல்லாம் இருந்தன. ஆனால் அது மெயின் கேட் பக்கம் இருந்தது. தையல் லைன்களோ பின்கட்டடத்தின் இரண்டாம் மாடியில். லைனின் தலைப்பில் தொங்கும் பலகையில் மணிக்கொரு முறை பீஸ் கணக்கு எழுதுவார்கள். காலர் தைப்பவர் எழுந்து போனால் அடுத்த மெஷினுக்குத் துணி போகாது, அதற்கடுத்தவர் கை ஓய்ந்து உட்கார்ந்திருப்பார், சூப்பர்வைசர் சத்தம் போடுவார். பால் கட்டி மார்பு கனக்க, நனைந்த சுடிதாரைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, மதிய பெல் அடிக்கும்வரை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் இடைவேளை கேட்கத் தெரியாதவர்கள் அல்லர். தன்னால் பக்கத்து மெஷின்காரி திட்டு வாங்கக் கூடாதே என்று பொறுத்துக்கொண்டவர்கள்.

அதனால் பால் நேரத்தில் தாயின் இடத்தில் உட்கார, எல்லா வேலையும் தெரிந்த டெய்லர் ஒருவரை மாடிக்கு ஒருவராக நிறுத்தும்படி நிர்வாகத்திடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகே தாய்மார்கள் யாரிடமும் கெஞ்சாமல் கீழே இறங்கிப் போனார்கள்.

மாலை நேரத்துக்கு அப்படி ஒரு வழி கிடைக்கவில்லை. ஷிப்மென்ட் நெருங்கினால் ஓ.டி. என்னும் கூடுதல் நேர வேலையைத் தவிர்க்க முடியாது, காப்பகமோ வழக்கமான ஷிப்ட் முடிந்ததும் பூட்டப்பட்டுவிடும். தென்மாவட்டங்களிலிருந்து வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் தம்பதிக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இல்லை. இருவரில் ஒருவர் ஓ.டி.யை விட வேண்டுமென்றால், என் அனுபவத்தில், பெரும்பாலும் விட்டது மனைவிதான். சட்டப்படி இரட்டிப்பாக வர வேண்டிய அந்தச் சம்பளம் அவருக்கு இல்லாமல் போகும். வெளிநாட்டு நிறுவனங்கள் சார்பில் ஆடிட்டுக்கு வருகிறவர்கள் தொட்டில்களைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். காப்பகம் பூட்டும் நேரத்தை ஓ.டி. பதிவேட்டுடன் வைத்துப் பார்க்க அவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும்; அதையும் அவர்கள் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.