ஊசி போடுறதுக்கு முன்னாடியே ஒரு தடவை அல்ட்ராசவுண்டு ப்ரோப் வச்சுப் பாருங்க

நுரையீரல்ல ஊசி விட்டு சோதனைக்கு சின்ன சதைத்துண்டு (பயாப்ஸி) எடுத்தாலும் சரி, நெஞ்சுல கட்டின தண்ணிய எடுத்தாலும் சரி, முடிஞ்சதும் எனக்கு ஓடுற முதல் கேள்வி காத்து கசிஞ்சிருக்கான்னுதான். நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவுல காத்து புகுந்தா நுரையீரல் சுருங்கிடும், அதான் நியூமோதோராக்ஸ். சிடி பார்த்து எடுக்கிற பயாப்ஸில இது அபூர்வம் இல்ல, சுமாரா அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு வருது, ஆனா பெரும்பாலும் சின்னதா இருக்கும், காத்த வெளிய எடுக்க நெஞ்சுல ட்யூப் போடாமலே கவனிச்சுப் பார்த்தா போதும்.

வழக்கமா கொஞ்ச நேரம் கழிச்சு எக்ஸ்ரே எடுப்போம். உக்காந்தோ நின்னோ எடுத்தா காத்து மேல ஏறிடும், மெல்லிசா ஒரு கோடு, அதுக்கு வெளிய ரத்தக்குழாய் நிழல் இருக்காது, பிடிச்சிடலாம். படுத்தே இருக்கிறவங்களுக்குத்தான் கஷ்டம், காத்து முன்பக்கமா தேங்கி நிக்கும், படத்துல தெரியாமலே போயிடலாம், போதாததுக்கு தோல் மடிப்பு வேற அதே மாதிரி ஒரு கோடு காட்டும்.

இந்த இடத்துலதான் அல்ட்ராசவுண்டு எனக்கு ரொம்பப் பிடிச்சது. நெஞ்சு முன்பக்கம் ரெண்டு விலா எலும்புக்கு நடுவுல ப்ரோப் வச்சா ப்ளூரா, அதாவது நுரையீரல மூடியிருக்கிற சவ்வு, பளிச்சுன்னு கோடா தெரியும், மூச்சுக்கு மூச்சு அது வழுக்கிட்டே இருந்தா அந்த இடத்துல காத்து இல்லன்னு தைரியமா சொல்லலாம். வழுக்கல் நின்னா எம்-மோடுல (ஒரே இடத்தோட அசைவ நேரத்தோட வரைஞ்சு காட்டுற முறை) வெறும் பார்கோடு மாதிரி வரி வரியா வரும். ஆனா அத மட்டும் வச்சு நியூமோதோராக்ஸ்னு எழுதிடாதீங்க, பழைய காசநோயால ப்ளூரா ஒட்டிப்போயிருந்தாலும், நுரையீரலுக்குள்ளயே காத்து நிரம்பின பெரிய பை (bulla) இருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன், ஊசிக்கு முன்னாடியே அதே இடங்கள பார்த்து ஒரு க்ளிப் சேவ் பண்ணி வைங்க, முன்னாடி வழுக்கினது இப்ப வழுக்கலன்னாதான் அதுக்கு அர்த்தம். ப்ரோப்ப பக்கவாட்டுல நகர்த்திட்டே போனா நுரையீரல் ஒட்டியிருக்கிற இடமும் விலகின இடமும் சேர்ற புள்ளி கிடைக்கலாம், லங் பாயிண்ட்னு சொல்வாங்க, அது கிடைச்சா கிட்டத்தட்ட உறுதி. சந்தேகம் தீரலன்னா சிடிதான்.

பிரஷர் விழுது, மூச்சு முட்டுது, ஒரு பக்கம் சத்தமே கேக்கலன்னா மட்டும் எந்தப் படத்துக்கும் காத்திருக்கக் கூடாது, காத்த உடனே வெளிய எடுக்கணும். இன்னொண்ணு, முதல் எக்ஸ்ரே சுத்தமா இருந்தாலும் மறுநாள்கூட காத்து சேரலாம், அதனால வீட்டுக்கு அனுப்பும்போது திடீர்னு நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தா உடனே திரும்பி வரணும்னு கூட இருக்கிறவங்களுக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்க.