"சூப்பர் டா" என்று சொல்லாமல் நண்பனின் ரெஸ்யூமைப் படித்த அனுபவம்

ஆறாவது செமஸ்டர் ஆரம்பித்ததும் எங்கள் இசிஇ வகுப்பு வாட்ஸ்அப்பில் ஓடுகிற மெசேஜ் ஒன்றுதான்: "மச்சி, ரெஸ்யூம் அனுப்பிருக்கேன், பாத்து சொல்லு." பதிலும் ஒன்றுதான், ஒரு கட்டைவிரல், கூடவே "சூப்பர் டா". கோடை விடுமுறை இன்டர்ன்ஷிப்புக்குப் போகிற ரெஸ்யூம் இப்படித்தான் யாருமே படிக்காமல் கம்பெனி வரைக்கும் போய்ச் சேர்கிறது. இந்த வருஷம் பிளேஸ்மென்ட் பார்க்கிற சார் எங்களை ரெண்டு ரெண்டு பேராகப் பிரித்து, ஒருத்தர் ரெஸ்யூமை இன்னொருத்தர் படித்து ஃபாரம் நிரப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஃபாரத்தில் ஸ்பெல்லிங், அலைன்மென்ட், ஃபான்ட், ஓவரால் என்று கட்டங்கள், கட்டத்துக்கு அஞ்சு மார்க். பாதி வகுப்பு எல்லாக் கட்டத்திலும் நாலு போட்டு உடனே நீட்டிவிட்டது. ஏன் நாலு என்றால், அஞ்சு போட்டால் படிக்கவில்லை என்று தெரிந்துவிடுமாம்.

எனக்கு வந்தது ஒரு லேட்டரல் என்ட்ரி நண்பனின் ரெஸ்யூம். பாலிடெக்னிக்கில் இஇஇ டிப்ளமா முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்தவன், பொள்ளாச்சிப் பக்கம் ஊர், லேபில் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் நிம்மதியாக இருப்பான், பிரசன்டேஷன் என்றால் காணாமல் போய்விடுவான். ஃபைலைத் திறக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், இது எதுக்கு அனுப்பப் போற? "எல்லாத்துக்கும்தான்" என்றான். எல்லாத்துக்கும் என்றால் என்னால் எதையும் சொல்ல முடியாது, எது முக்கியம், எது தேவையில்லை என்று எதை வைத்துச் சொல்வது? உனக்கு நிஜமாகவே போகணும்னு இருக்கிற ஒரு விளம்பரத்தை அனுப்பு என்றேன். அனுப்பினான். கோவையில் பம்ப்செட்டுக்குக் கன்ட்ரோலர் செய்கிற சின்ன கம்பெனி. சி தெரிந்திருக்க வேண்டும், மைக்ரோகன்ட்ரோலரில் ஏதாவது செய்திருக்க வேண்டும், சர்க்யூட் டயகிராம் படிக்கத் தெரிய வேண்டும், ஃபீல்டுக்குப் போகத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள்.

முதல் தடவை வேண்டுமென்றே வேகமாகப் படித்தேன். அரை நிமிஷம், அப்புறம் லேப்டாப்பை மூடிவிட்டு மனதில் என்ன நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதினேன். நூற்றுக்கணக்கில் ரெஸ்யூம் பார்க்கிற ஆள் முதல் சுற்றில் அதற்கு மேல் நேரம் ஒதுக்கப் போவதில்லை. எனக்கு நின்றவை: நீலக் கலர் பட்டை, கோட் போட்ட ஃபோட்டோ, சி-க்கு நாலு ஸ்டார், பைத்தானுக்கு மூணு ஸ்டார். 'ஸ்மார்ட்', 'ஐஓடி' (கருவிகளை இணையத்தோடு இணைப்பது) என்ற சொற்கள் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அந்தக் கம்பெனி கேட்ட நாலு விஷயத்தில் ஒன்றுகூட நினைவில் இல்லை. அந்தத் தாளை அப்படியே அவனிடம் காட்டினேன், விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நான் "உன் ரெஸ்யூம் தெளிவா இல்ல" என்று சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும், தாளைப் பார்த்து அவனே சிரித்துவிட்டான்.

அந்த ஸ்டார்களைப் பற்றி ஒரு வார்த்தை. சி-யில் நாலு ஸ்டார் என்றால் என்ன, அஞ்சாவது ஸ்டார் யாரிடம் இருக்கிறது? அதைப் படிக்கிற இன்ஜினியருக்கு உடனே வம்புக்கு இழுக்கத் தோன்றும், சி-யில் எல்லாரும் தடுமாறுகிற பாயின்டரில் இருந்து கேள்வியை ஆரம்பிப்பார்.

ரெண்டாவது சோதனையை எல்லாரும் செய்து பார்க்கலாம், செலவே கிடையாது. பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் செலக்ட் செய்து, காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்ட வேண்டும். பெரிய கம்பெனிகளில் விண்ணப்பங்களை முதலில் சாஃப்ட்வேர்தான் வாங்கி வைக்கிறது, அதற்கும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். இவன் கான்வாவில், பக்கத்தை இடது வலது என்று பிரிக்கிற ரெண்டு பத்தி டெம்ப்ளேட் எடுத்திருந்தான். ஒட்டியதும் இடது பத்தியும் வலது பத்தியும் கலந்துபோய், டிப்ளமா படித்த வருஷத்துக்குப் பக்கத்தில் 'பாட்டு கேட்பது' வந்து நின்றது. போன் நம்பருக்குப் பதில் ஒரு ஐகான், ஐகான் இருந்த இடத்தில் கட்டம். எழுதிய புரோகிராமை வைத்துக் காட்டுகிற கிட்ஹப் லிங்க் கிளிக் ஆகவில்லை, கையால் டைப் அடித்துப் பார்த்தால் ரெப்பாசிட்டரி பிரைவேட், வேறு யாராலும் திறக்க முடியாது. ஒரே பத்தி, சாதாரண ஃபான்ட், ஒரு பக்கம் போதும் என்று நான் வாதாடவே வேண்டியிருக்கவில்லை, நோட்பேடைப் பார்த்ததும் அவனே முடிவு செய்துவிட்டான். சரி, இதெல்லாம் சுலபம். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை.

கஷ்டமானது அடுத்ததுதான். புராஜெக்ட் பகுதியில் இருந்தது ஒரு புராஜெக்ட், மூன்று வரி. தமிழில் சொன்னால், 'அதிநவீன ஐஓடி தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி ஸ்மார்ட் நீர்ப்பாசனத் தீர்வை முன்னின்று உருவாக்கி, நீர்ப் பயன்பாட்டை 35 சதவீதம் குறைத்தேன்' என்கிற மாதிரி. எங்கள் வகுப்பில் ஸ்மார்ட் நீர்ப்பாசனம் செய்யாத ஆள் கிடையாது, ஒரு ஆர்டுயினோ (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), மண்ணில் குத்துகிற ஒரு சென்சார், மோட்டாரைப் போட்டு நிறுத்த ஒரு ரிலே, முடிந்தது. வாக்கியம் சாட்ஜிபிடி எழுதியது என்று பார்த்ததுமே தெரிந்தது, ஏனென்றால் அதே 'முன்னின்று' வகுப்பில் இன்னும் பல பேர் ரெஸ்யூமில் இருந்தது. நான் திருத்தவில்லை, கேட்டேன். 35 எப்படி வந்தது? மீட்டர் வைத்து அளந்தாயா? எத்தனை நாள்? அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுவே போட்டுச்சு டா, நல்லா இருந்துச்சுன்னு விட்டுட்டேன்" என்றான். அப்போ நிஜமாக என்னதான் செய்தாய், என்னிடம் சொல், ரெஸ்யூமை மறந்துவிட்டு சும்மா சொல் என்றேன்.

அதற்கப்புறம் அவன் பேசிக்கொண்டே இருந்தான். அவன் செய்தது மண் ஈரம் பார்க்கிற பொம்மையே இல்லை. மாமா தோட்டத்துக் கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் போட்டு நிறுத்துகிற ஸ்டார்ட்டர். ராத்திரி கரண்ட் வந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடக்க மாமாவுக்கு முடியவில்லை, கடையில் விற்கிற மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கக் காசு தர மனசில்லை, மருமகன் இன்ஜினியரிங் படிக்கிறானே என்று இவன் தலையில் கட்டிவிட்டார். சிம் கார்டு போட்டு போன் நெட்வொர்க்கில் இணைகிற சிம்800எல் மாட்யூல் போட்டிருக்கிறான். லேபில் ஒழுங்காக ஓடியது தோட்டத்தில் நெட்வொர்க் பிடிக்கப் போகும்போதெல்லாம் ரீசெட் ஆகியிருக்கிறது. அந்த மாட்யூல் சிக்னல் அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், வோல்டேஜும் 3.4-க்கும் 4.4-க்கும் நடுவில் இருக்க வேண்டும், ஆர்டுயினோ போர்டிலிருந்து எடுத்தால் தாங்காது. தனியாக, வோல்டேஜைக் குறைத்துத் தருகிற ஒரு பக் கன்வர்ட்டரும், மாட்யூலுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய கபாசிட்டரும் போட்டுச் சரி செய்திருக்கிறான். ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது, அந்த மாட்யூல் 2ஜி, ஜியோவில் 2ஜி கிடையாது, மாமாவுக்கு இதைப் புரியவைத்ததுதான் பெரிய வேலை என்றான். மூன்று பேஸில் ஒன்று போனால் மோட்டார் காயில் எரிந்துவிடும் என்பதால் அப்போது மோட்டாரை நிறுத்திவிட ஏற்கனவே இருந்த சிங்கிள் பேஸ் பிரிவென்டரைத் தொடாமல் அதற்குப் பின்னால்தான் தன் ரிலேயைக் கோர்த்திருக்கிறான்.

இதில் ஒரு சொல்கூட ரெஸ்யூமில் இல்லை.

ஏன்டா என்றால், "தோட்டத்துல மோட்டார் போடறதெல்லாம் புரொஃபஷனலா இருக்காதுன்னு நெனச்சேன்." பம்ப்செட் கன்ட்ரோலர் செய்கிற கம்பெனிக்கு விண்ணப்பம் போடுகிறவன் சொன்ன பதில் இது. இன்னும் கொஞ்சம் கிளறியதில் டிப்ளமா படிக்கும்போது லீவு நாட்களில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் வேலை பார்த்ததும் வெளியே வந்தது, ரீவைண்டிங் முடித்து மெகர் வைத்து இன்சுலேஷன் பார்க்கிற வரைக்கும் அவன் கையால் செய்திருக்கிறான். அதையும் எழுதவில்லை. ஆனால் ஆன்லைனில் காசு கட்டினால் ஒரு மாதத்தில் சர்டிஃபிகேட் அனுப்புகிற ஒரு 'விர்ச்சுவல் இன்டர்ன்ஷிப்', அதை அனுபவம் என்ற தலைப்பில் முதல் வரியாகப் போட்டிருந்தான். அங்கே என்ன செய்தாய் என்றால் யூடியூப் பார்த்து கால்குலேட்டர் ஒன்று செய்து அனுப்பினானாம். எனக்கு இந்த சர்டிஃபிகேட் வியாபாரத்தின் மேல் கோபம் உண்டு. எங்களில் பாதிப் பேர் அதற்குப் பணம் கட்டியிருக்கிறோம், படிக்கிற எச்ஆருக்கும் அது என்ன என்று தெரியும், ஆனாலும் ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி நடந்துகொள்கிறோம்.

இங்கேதான் கை பரபரவென்று இருந்தது. அந்த மூன்று வரியை நானே எழுதிக் கொடுத்திருக்கலாம், கொஞ்ச நேரம்தான் ஆகும். கொடுக்கவில்லை. கூகுள் டாக்ஸில் எனக்கு எடிட் பண்ணும் வசதி வேண்டாம், கமென்ட் மட்டும் போதும் என்று அவனிடமே சொல்லி மாற்றிக்கொண்டேன். நான் எழுதினால் அது என் இங்கிலீஷாக இருக்கும், இன்டர்வியூவில் அவன் வாயிலிருந்து வருவது வேறாக இருக்கும், ரெண்டுக்கும் ஒட்டாது. பதிலுக்கு அவன் பேசியதைப் போனில் ரெக்கார்ட் செய்து அவனுக்கே அனுப்பி, இதிலிருந்து நாலு வரி எழுது, என்ன செய்தாய், எதை வைத்துச் செய்தாய், எங்கே மாட்டிக்கொண்டாய், இப்போது ஓடுகிறதா, அவ்வளவுதான் என்றேன். இங்கிலீஷ் தப்பாக இருந்தால் கவலையில்லை, கடைசியில் இலக்கணம் மட்டும் சாட்ஜிபிடியிடம் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் புதிதாக ஒரு எண்ணோ சொல்லோ சேர்க்க அதை விடாதே என்றும் சொன்னேன். அவன் எழுதி அனுப்பியது மொட்டையாகத்தான் இருந்தது. டிசைன் செய்தேன், சாலிடர் செய்தேன், ரீசெட் பிரச்சினையைப் பவர் சப்ளையில் கண்டுபிடித்தேன், தோட்டத்தில் பொருத்தி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மொட்டை வரிகள் எனக்குப் பிடித்திருந்தன. 35 சதவீதம் போய்விட்டது.

கமென்ட் போடுவதிலும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். முதல் சுற்றில் ஸ்பெல்லிங் பக்கமே போகவில்லை. எப்படியும் தூக்கப் போகிற பத்தியில் கமா திருத்தி என்ன பயன்? அதோடு, சிவப்புச் சிவப்பாக ஐம்பது கமென்ட் பார்த்தால் யாருக்கும் மனசு விட்டுப்போகும், எது பெரிசு எது சிறிசு என்றும் தெரியாது. மூன்றே விஷயம் மேலே எழுதினேன்: புராஜெக்டை நீ சொன்ன மாதிரி எழுது, காயில் கடை வேலையை அனுபவத்தில் போடு, ஒரு பத்திக்கு மாறு. மீதியெல்லாம் அடுத்த சுற்றில். இது இல்லாமல் கேள்வியாகவே போட்ட கமென்ட்கள் சில, 'இது யாருக்காக இருக்கு?' என்கிற மாதிரி. கேள்வி போட்டால் பதில் யோசிக்கிறான், கட்டளை போட்டால் கமென்டை மூடுகிற 'ரிசால்வ்' பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுகிறான்.

படிப்பு அட்டவணையில் லேட்டரல் ஆட்களுக்கே உள்ள ஒரு சிக்கல் இருந்தது. எல்லாரும் போடுகிற மாதிரி பி.இ., பன்னிரண்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று வரிசை போட்டுவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புக்கு நேராக ஒரு கோடு கிழித்து வைத்திருந்தான். பார்க்கிறவருக்கு ஃபெயிலோ, விட்டுப்போனதோ என்று சந்தேகம் வரும். அந்த வரியையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிப்ளமா, சதவீதம், முடித்த வருஷம் என்று போடச் சொன்னேன். டிப்ளமா மார்க் அவனுக்கு நன்றாகவே இருந்தது, சிஜிபிஏ-வைவிட அதுதான் கண்ணில் பட வேண்டியது. நான் முதல்வன் திட்டத்தில் முடித்த கோர்ஸ் கடைசியில் ஒரு வரி போதும், அது வகுப்பில் எல்லாரிடமும் இருக்கிறது. ஐஐடி ஆசிரியர்கள் நடத்துகிற என்பிடெல் ஆன்லைன் கோர்ஸ் சர்டிஃபிகேட் மட்டும் கொஞ்சம் மேலே, அதற்கு சென்டருக்கு நேரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டியிருப்பதால் மதிப்பு உண்டு.

ஒரு இடத்தில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. அப்பா பெயர், பிறந்த தேதி, முழு முகவரி, கடைசியில் 'மேற்கண்ட தகவல்கள் யாவும் உண்மை' என்ற உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து. எல்லாவற்றையும் எடு என்றேன். அவன் எடுக்க மாட்டேன் என்றான். டிப்ளமாவில் இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்குப் போனபோது கையெழுத்து இல்லை என்று ரிசப்ஷனிலேயே திருப்பி அனுப்பினார்களாம். அவன் பார்த்த உலகம் அது, நான் இணையத்தில் படித்ததை வைத்து அதை இல்லை என்று சொல்ல முடியாது. கடைசியில் ரெண்டு காப்பி என்று முடிவானது. மெயிலில் போவதில் பெயர், ஊர், போன், மெயில் மட்டும், நேரில் கொண்டுபோவதில் உறுதிமொழி எல்லாம். பெயரில் இன்னொரு குழப்பம் வேறு, ஒரு இடத்தில் இனிஷியல் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால், மெயில் ஐடியில் வேறொன்று. ஆதாரில் எப்படியோ அப்படியே எல்லா இடத்திலும் வை என்றேன், பின்னால் ஆஃபர் லெட்டரில் மாட்டும். ஃபைலுக்கும் 'ரெஸ்யூம் ஃபைனல் நியூ 2' என்ற பெயரை மாற்றி அவன் பெயரையே வைத்தோம்.

கடைசிப் படியை அச்செடுத்து, வேறு டிபார்ட்மென்ட் பையன் ஒருவனிடம் அரை நிமிஷம் கொடுத்து வாங்கி, என்ன நினைவிருக்கு என்று கேட்டோம். "கிணத்து மோட்டாரை போன்ல ஆன் பண்றான், காயில் கட்டத் தெரியும்" என்றான். போதும் என்று அன்றைக்கே அனுப்பிவிட்டோம்.

சாரின் ஃபாரத்தில் இதையெல்லாம் எழுத இடம் இல்லை. ஓவரால் கட்டத்தில் 'பழைய படியையும் புதிய படியையும் சேர்த்துப் பார்க்கவும்' என்று எழுதி, ரெண்டையும் பின் அடித்துக் கொடுத்தேன். கம்பெனியிலிருந்து போனில் பேசினார்கள், ரீசெட் விஷயத்தைத்தான் முதலில் கேட்டார்களாம், நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள், மேலே என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். இதைக் கேள்விப்பட்டு வகுப்பில் இன்னும் சிலர் ஃபைலை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எந்த இன்டர்ன்ஷிப்புக்கு என்று விளம்பரத்தையும் சேர்த்து அனுப்பாதவர்களுக்கு நான் பழைய கட்டைவிரலைத்தான் அனுப்புகிறேன்.