இடுப்பு மாற்றிய பிறகு குல்மார்க்: பனியைவிடக் காகிதம்தான் கஷ்டம்

மூட்டு மாற்றியாகிவிட்டது, வலி போய்விட்டது, டாக்டரும் காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்குக்குப் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அப்படியும் என்னைச் சென்னை வெயிலில் அலையவிட்டது ஆபரேஷன் நோட்ஸ், அதாவது அறுவையில் என்ன செய்தார்கள் என்று எழுதிய இரண்டு பக்கக் காகிதம். இடுப்பு மாற்றிக்கொண்டவர்கள் யாருக்காவது மறுபடி பனிச்சறுக்கு ஆசை இருந்தால், டிஸ்சார்ஜ் ஆகும் அன்றைக்கே அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்தது ஏ.வி.என். தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துப்போவது. வலது பக்கம் முழு மாற்று: தொடை எலும்புக்குள் ஒரு தண்டு, அதன் நுனியில் ஒரு பந்து, அது சுழல இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம். ஆபரேஷனும் பிசியோவும் ஒரு குறையுமில்லாமல் நடந்தன. பின்பக்கமாகத் திறந்து செய்ததால் ஆரம்பத்தில் சம்மணம் கூடாது, கால் மேல் கால் கூடாது, இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. அப்புறம் நிற்கும் சைக்கிள், மாடிப்படி, பெசன்ட் நகர் மணலில் நடை.

கல்யாண வீட்டில் நாற்காலி தேடிய என்னைப் பார்த்து சித்தி, “தரையில உட்கார மாட்டேங்கற, பனியில மட்டும் சறுக்குவியாக்கும்?” என்றார். சறுக்கும்போது இடுப்பு கொஞ்சம்தான் மடங்கும், சம்மணத்துக்குத்தான் நிறைய மடக்கித் திருப்ப வேண்டும் என்று விளக்கினேன். சித்தி ஒப்புக்கொள்ளவில்லை.

டாக்டர் சம்மதித்ததற்கு ஒரே காரணம், எனக்கு ஏற்கெனவே சறுக்கத் தெரியும் என்பது. செயற்கை மூட்டோடு புதிதாகக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றிருந்தால் விட்டிருக்க மாட்டாராம். ஆறு மாதத்துக்குள் பேச்சே எடுக்கக் கூடாது, சீராக்கிய சரிவு மட்டும், குதிப்பதெல்லாம் கிடையாது. விழுந்தால் பந்து கிண்ணத்தைவிட்டு நழுவலாம், உள்ளே செருகிய தண்டைச் சுற்றி எலும்பு உடையலாம். இரண்டாவதுதான் பெரிய தலைவலி என்றார்.

வம்பு இன்ஷூரன்ஸில் ஆரம்பித்தது. சாதாரணப் பயணப் பாலிசியில் பனிச்சறுக்கு சேராது, தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். அதற்கு நான் தயார். உடம்பில் இம்ப்ளாண்ட் இருக்கிறது என்றதும் ஃபிட்னஸ் கடிதமும் ஆபரேஷன் நோட்ஸும் கேட்டார்கள். என் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது ஒற்றை வரி. இம்ப்ளாண்ட் ஸ்டிக்கர் ஒட்டிய தாளோ பழைய கிளெய்ம் கட்டோடு போய்விட்டிருந்தது.

மருத்துவமனை ரெக்கார்ட்ஸ் கவுண்டரில், “ஃபைல் கோடவுனுக்குப் போயிடுச்சு மேடம், டாக்டர் எழுதிக் கொடுத்தாத்தான் எடுப்போம்” என்றார்கள். டாக்டரின் உதவியாளர், “அது ரெக்கார்ட்ஸ் வேலை” என்றார். திரும்பவும் கவுண்டர். இந்த முறை வேறு ஆள்.

“பேஷன்ட் வரலையா?”

“நான்தான் பேஷன்ட்.”

எட்டி என் காலைப் பார்த்தார். “இடுப்பு மாத்தினவங்க நீங்களா? நொண்டவே இல்லையே!”

அந்த அலைச்சலில் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். ஆனாலும் ஃபைல் வரவில்லை.

கடைசியில் வேலை செய்தது ஒரு விதி. 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நோயாளி தன் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதைக் குறிப்பிட்டு இரண்டு பிரதி எழுதி, என் பிரதியில் சீல் போட்டுத் தாருங்கள் என்று நின்றேன். சீல் விழுந்ததும் கோடவுன் பக்கத்துத் தெருவுக்கே வந்துவிட்டது. இன்னொன்று, அதே விதிகள் ஆவணங்களை மூன்று ஆண்டுதான் வைத்திருக்கச் சொல்கின்றன. தள்ளிப்போடாதீர்கள்.

நோட்ஸைப் பார்த்து டாக்டர் கடிதம் எழுதித் தந்தார். 36 மில்லிமீட்டர் செராமிக் பந்து; பந்து பெரிதாக இருந்தால் சுலபத்தில் நழுவாது என்பதால் அதையும் சேர்த்தார். பாலிசியும் வந்தது. உள்ளே ஒரு வரி: வலது இடுப்பு சம்பந்தப்பட்ட எதற்கும் பணம் கிடையாது. வயிறு எரிந்தது. அதைச் சேர்க்கவே போவதில்லை என்றால் எதற்கு இத்தனை காகிதம்? காகிதம் தேடி அலையும் முன், எதெல்லாம் சேராது என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள்.

மீனம்பாக்கத்தில் உலோகம் தேடும் வாசல் கருவி கத்தியது. திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு பெண் காவலர் கைக்கருவியால் தடவிப் பார்த்து அனுப்பினார். கடிதத்தை யாரும் படிக்கவில்லை. டெல்லி வழியாக ஸ்ரீநகர். விமானத்தில் அவ்வப்போது எழுந்து நடக்க நடைபாதை ஓர இருக்கை அவசியம். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. பனி கொட்டினால் குல்மார்க்குக்குக் கீழே உள்ள தங்மார்க்கில் வண்டி மாற வேண்டியிருக்கும், சக்கரத்தில் சங்கிலி இல்லாத வண்டியை மேலே விடமாட்டார்கள்.

குல்மார்க்கில் இடுப்புக்கு உண்மையான சோதனை பூட்ஸ் மாட்டுவதுதான். குனிந்து கொக்கியை இழுக்கும்போது 90 டிகிரியைத் தாண்டிவிடும். உயரமான பெஞ்சில் உட்கார்ந்து, காலைச் சற்று வெளிப்பக்கம் வைத்து, நீளக் கைப்பிடி வைத்த ஷூ ஹார்னால் உள்ளே தள்ளினேன். கீழ்க்கொக்கியைப் பயிற்சியாளர் போட்டுவிட்டார்.

அடுத்தது பைண்டிங். பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு பிடித்துவைத்து, விழும்போது காலை முறுக்காமல் கழன்றுவிட வேண்டிய பூட்டு அது. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், எப்படிச் சறுக்குவீர்கள் என்று ஐந்தையும் பார்த்து, எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்ற எண்ணை அதில் வைக்க வேண்டும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு படி குறைவு. வாடகைக் கடைப் பையன் முந்தைய ஆளுக்கு வைத்ததை மாற்றாமலே நீட்டினான். அரைகுறை இந்தியில் சண்டை போட்டு, ஸ்க்ரூவைத் திருகவைத்து, நின்ற இடத்திலேயே காலை முறுக்கிக் கழல்கிறதா என்று பார்த்த பிறகுதான் நகர்ந்தேன். ஆயிரம் பேர் பின்னால் நின்றாலும் இதில் அவசரப்படாதீர்கள்.

சறுக்கியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காண்டோலா என்ற கேபிள் காரின் முதல் கட்டமான கொங்டூரி வரை போய், சீரான சரிவில் நிதானமாக இறங்கினேன். வலதுபுறத் திருப்பத்தில் முதலில் பயம் இருந்தது, மதியத்துக்குள் போய்விட்டது. அஃபர்வத் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காண்டோலாவின் இரண்டாம் கட்டம் போய் நிற்கும் இடம் அது, கிட்டத்தட்ட 3,950 மீட்டர் உயரம், சீராக்காத பனி. ஒருமுறை மெதுவாக விழுந்தேன். எழும்போது சறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டு, இடது காலை ஊன்றி எழுந்தேன். உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பி எழுந்திருக்கப் பார்க்காதீர்கள், மூட்டுக்கு ஆகாத திருப்பம் அது.

திரும்பும்போது ஸ்ரீநகரில் விமான நிலைய வெளிவாசலிலேயே ஒரு சோதனை, உள்ளே இன்னொன்று, நீண்ட வரிசை. தொடை கெஞ்சியதால் சக்கர நாற்காலி கேட்டு வாங்கினேன். பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு போன என்னைப் பார்த்து, பக்கத்து வரிசைத் தமிழ்க் குடும்பத்து அம்மா, “அய்யோ பாவம், சறுக்கி விழுந்துட்டாங்க போல” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.