கேக் சாப்பிட்ட சாமுராயும் பக்கத்து சீட்டுப் பெரியவரும்

நிஷிகசாய்க்கு நாங்கள் குடிவந்தது 2023 ஏப்ரலில். டோக்கியோவில் நம் ஆட்கள் நிறைய பேர் இருக்கிற பகுதி என்பதால் இட்லி அரிசிக்கும் கறிவேப்பிலைக்கும் பஞ்சமில்லை. ஆனால் தியேட்டர்தான் என்னை ஒடுக்கிவிட்டது. முதல் தடவை இங்கே படம் பார்க்கப் போனபோது இரண்டு மணி நேரமும் ஒரு சத்தம் இல்லை. சிரிக்கிற இடத்தில் மூக்கால் ஒரு மூச்சு, அவ்வளவுதான். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதும் ஒருத்தரும் எழவில்லை. விளக்கு எரிந்த பிறகுதான் பையை எடுத்தார்கள். திருச்சி மாரிஸில் விசிலுக்கு நடுவே வளர்ந்த எனக்கு அன்றைக்கு ராத்திரி ஊர் ஞாபகம் தாங்கவில்லை. இவர்களுக்கு எதுவுமே மனதைத் தொடாதா என்றுகூட நினைத்தேன்.

வியாழக்கிழமை காலைகளில் வார்டு மன்றத்தில் ஜப்பானிய மொழி வகுப்பு நடக்கும். சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்ற தன்னார்வலர்கள். என்னுடைய சென்செய்க்கு, அதாவது ஆசிரியருக்கு, எழுபது வயதிருக்கும். 2024 ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை வேலை இருக்கிறதா? ஒரு சாமுராய் படம் வந்திருக்கிறது. நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்" என்றார். சப்டைட்டில் இருக்காதே, எனக்குப் புரியாதே என்றேன். "அந்த சாமுராய்க்கும் ஒன்றும் புரியாது. சேர்ந்தே பாருங்கள்" என்றார்.

படத்தின் பெயர் 'சாமுராய் டைம் ஸ்லிப்பர்'. ஆகஸ்ட் 17 அன்று இகெபுகுரோவில் 'சினிமா ரோசா' என்ற ஒரே ஒரு தியேட்டரில் வெளியான படம். தோசாய் ரயிலில் ஈதாபாஷி வரைக்கும் போய், யூராக்குச்சோ ரயில் மாறிப் போனோம். மேற்கு வாசலில் இறங்கினால் கடைவீதி, பாட்டுக் கூடங்கள், விளையாட்டுக் கூடங்கள். அவற்றுக்கு நடுவே பழைய கட்டடம் ஒன்று. உள்ளே தாத்தாக்கள், கல்லூரிப் பிள்ளைகள், தனியாக வந்திருந்த பெண்கள் என்று ஹால் நிரம்பியிருந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷோகன் என்ற படைத்தலைவர்கள் ஜப்பானை ஆண்ட எடோ காலத்தின் கடைசி வருடங்கள். ஷோகன் பக்கம் நின்ற ஐசு என்ற சிற்றரசைச் சேர்ந்த கோசாக்கா ஷின்சாஎமோன் என்ற வீரன், கியோத்தோவில் எதிர்ப்பக்கத்துச் சிற்றரசான சோஷுவின் வீரனோடு வாளை உருவி நிற்கிறான். அப்போது இடி விழுகிறது. கண் விழித்தால் நம் காலத்து சினிமா ஸ்டூடியோ, அதுவும் சாமுராய் படம் எடுக்கிற செட். ஷோகன் ஆட்சி போய் நூற்று நாற்பது வருடம் ஆகிவிட்டது என்று ஒரு போஸ்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். ஊர் இல்லை, எஜமானர் இல்லை, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஒரு கோயில் தம்பதி அவனுக்கு அடைக்கலம் தருகிறார்கள். கடைசியில், தெரிந்த ஒரே தொழிலை வைத்து, படங்களில் வெட்டுப்பட்டுச் சாகிற துணை நடிகனாகிறான். அந்த வேலைக்கு இங்கே 'கிராரேயாகு' என்று தனிப் பெயரே உண்டு. அதற்கு மேல் சொன்னால் பார்க்கிறவர்களுக்குச் சுவை போய்விடும்.

வெட்டுப்படப் பழகுகிற காட்சியில்தான் முதல் ஆச்சரியம். வாத்தியார் வாளை ஓங்குகிறார், கோசாக்கா சாக வேண்டும். ஆனால் உண்மையான வீரன் அல்லவா, கை தானாக எழுந்து வாத்தியாரையே வெட்டிவிடுகிறது. திரும்பச் செய்தாலும் அதேதான். ஹால் முழுக்க வாய்விட்டுச் சிரித்தது. பின்வரிசையில் யாரோ தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். அங்கே வசனம் புரிய வேண்டிய அவசியமே இல்லை, நானும் அவர்களோடு அதே நொடியில் சிரித்தேன். ஒன்றரை வருடத்தில் இந்த ஊர்க்காரர்களோடு ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அந்தக் கேக் காட்சி. அதற்கு முன்னால் அரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆகஸ்டில் ஜப்பானில் அரிசித் தட்டுப்பாடு. எங்கள் சூப்பர் மார்க்கெட்டில் அரிசி அடுக்குகிற தட்டு வெறுமையாகக் கிடந்தது, வீட்டுக்கு ஒரு பை மட்டும் என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். எங்களுக்கு இந்தியக் கடையில் பொன்னி கிடைத்ததால் பிரச்சினை இல்லை. சென்செய்க்கு இரண்டு கிலோ கொடுத்தபோது வேண்டாம் வேண்டாம் என்று பத்துத் தடவை சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் திரையில் கோசாக்கா, கோயில் வீட்டில் கொடுத்த வெள்ளை வெளேர் என்ற சோற்று உருண்டையைக் கையில் வைத்துப் பார்க்கிறான். படத்தை எடுத்த யசுதா ஜுன்இச்சி நெல் விவசாயி என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்பாவுடைய வயலை எடுத்துப் பார்க்கிறவர். சொந்தப் பணம் போட்டு, காரைக்கூட விற்று, ஏறக்குறைய 2.6 கோடி யென்னில் முடித்த படம். எழுத்து, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் அவரே.

அதே வீட்டில்தான் அவனுக்கு ஸ்ட்ராபெர்ரி வைத்த ஒரு துண்டு கேக்கும் கிடைக்கிறது. ஒரு வாய் சாப்பிட்டுத் திகைத்துப் போகிறான். இது பெரிய மனிதர்கள் மட்டும் சாப்பிடுவதா என்று கேட்கிறான். இல்லை, எல்லாரும் சாப்பிடுவதுதான் என்கிறார்கள். அவன் அழுகிறான். தன் நாடு இவ்வளவு நல்ல நாடாகிவிட்டதே என்று அழுகிறான். முதலில் ஹாலில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அப்படியே பாதியில் உடைந்து மூக்குறிஞ்சுகிற சத்தமாக மாறியது. என் இடது பக்கத்தில் தொப்பி வைத்த ஒரு பெரியவர், முன்பின் தெரியாதவர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தை முழுசாக மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. என் அம்மா 'கேக்கெல்லாம் பெரிய இடத்துப் பண்டம்' என்று சொல்லிக்கொண்டே, என் ஏழாவது பிறந்தநாளுக்கு அரைக்கிலோ வாங்கி வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. நானும் அழுதேன்.

சென்செய் அங்கே அழவில்லை. அவர் அழுதது வேறு இடத்தில். தன் ஐசுவுக்கு என்ன ஆனது என்று கோசாக்கா ஒரு காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்கிற இடம். சென்செய் பிறந்த ஊர் ஃபுகுஷிமாவில் இருக்கிற ஐசு வகாமத்சு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. 1868 போரில், சோஷுவும் சேர்ந்து அமைத்த புதிய அரசின் படை அங்கிருந்த கோட்டையை முற்றுகையிட்டது. ஈமோரி மலை மேல் நின்ற, ஐசு படையைச் சேர்ந்த பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள், ஊரில் எழுந்த புகையைப் பார்த்துக் கோட்டை விழுந்துவிட்டது என்று நம்பி உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கோட்டை அப்போது விழவே இல்லை. சின்ன வயதில் பள்ளியிலிருந்து அந்த மலைக்குக் கூட்டிப் போவார்களாம். "பாட்டி சோஷு என்ற பேரைச் சொல்லவே மாட்டாள்" என்றார்.

கடைசிச் சண்டைக்கு முன்னால் இரண்டு பேர் வாளோடு எதிரெதிரே நிற்கிறார்கள். இசை நின்றுவிடுகிறது, வசனம் இல்லை, அசைவும் இல்லை. நிமிடக்கணக்கில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. பெரியவர் தேநீர் பாட்டிலின் மூடியைப் பாதி திருகியபடி அப்படியே பிடித்திருந்தார். திறந்தால் சத்தம் வரும் என்று விரல்கூட அசைக்கவில்லை. இந்த அமைதிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. முதல் தடவை நான் எவ்வளவு தப்பாக நினைத்துவிட்டேன்!

பெயர்கள் ஓடும்போது வழக்கம்போல் யாரும் எழவில்லை. அதில் ஃபுகுமோத்தோ செய்சோவின் நினைவுக்கு என்று ஒரு வரி வந்தது. ஐம்பதாயிரம் தடவை வெட்டுப்பட்டவர் என்று பெயர் வாங்கிய நடிகர் அவர். இந்தப் படத்தில் நடிக்க வேண்டியவர், 2021 புத்தாண்டு நாளில் காலமாகிவிட்டார். அந்த வரியில் பெரியவர் தலை குனிந்தார். விளக்கு எரிந்ததும் முன்வரிசையில் ஒருத்தர் கைதட்டினார். அப்புறம் பத்துப் பேர், அப்புறம் ஹால் முழுக்க. இங்கே சாதாரணக் காட்சியில் கைதட்டுவது அபூர்வம் என்று சென்செய் சொன்னார். "1998இல் ஷிபுயாவில் 'முத்து' பார்த்தபோதும் எனக்குக் கை பரபரத்தது. தட்டாமலே வந்துவிட்டேன்" என்றார். இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று ரயில் முழுக்க அவரிடம் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

படம் அதன் பிறகு முந்நூறுக்கும் மேற்பட்ட தியேட்டர்களுக்குப் போனது. 2025 மார்ச்சில் ஜப்பான் அகாடமியின் சிறந்த படம் விருதும் வாங்கியது. அதற்குள் நான் இன்னொரு தடவை பார்த்துவிட்டேன், இந்த முறை என் கணவரோடு. கேக் காட்சியில் அதே சிரிப்பு, அதே மூக்குறிஞ்சல். வாள் காட்சி வந்தது, இசை நின்றது. அவர் என் பக்கம் சாய்ந்து, "என்ன, படம் மாட்டிக்கிச்சா?" என்று கேட்க வாயெடுத்தார். அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.