விக்கியில் வெண்ணாறு: ஜூன் 2025 நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கிவிட்டேன். டெல்டாவின் கிளை ஆறுகளைப் பற்றி எழுத வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. கல்லணையையும் கரிகாலனையும் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கல்லணையைத் தாண்டி வந்த தண்ணீர் எந்த ஊரில், எந்தத் தலைப்பில் (ஆறு பிரியும் மதகு உள்ள இடம்) பிரிந்து எந்தக் கடைமடைக்குப் போகிறது என்பதையும் யாராவது எழுத வேண்டும் இல்லையா? நீடாமங்கலத்துக்காரன் நான் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்.

முதல் வேலை மணல்தொட்டி. பழகிப் பார்ப்பதற்கென்றே உள்ள பக்கம். அங்கே என்ன எழுதினாலும் எந்தக் கட்டுரையும் கெடாது. பொத்தானை அழுத்தித் தொகுக்கும் வசதி இருந்தாலும், ‘மூலத்தைத் தொகு’ என்பதையே பிடித்துக்கொண்டேன். எந்தக் குறி என்ன செய்கிறது என்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு ஒற்றை மேற்கோள் போட்டால் சாய்வெழுத்து, மூன்று போட்டால் தடித்த எழுத்து. வரியின் இரு பக்கமும் == போட்டால் தலைப்பு.

ஜூன் 5, வியாழன்

சின்ன விஷயங்கள்தான், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியவை. வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி விழுந்தால் போதும், அந்த வரி தனியாக ஒரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். என்டர் ஒரு தடவை தட்டினால் புதுப் பத்தி வராது. நடுவில் ஒரு வெற்று வரி விட வேண்டும்.

இணைப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. [[கல்லணை]]யிலிருந்து என்று அடைப்புக்குப் பின்னால் வேற்றுமை உருபை ஒட்டி எழுதினால் சரியாக வந்துவிடுகிறது. வெண்ணாறு அப்படி இல்லை. ‘வெண்ணாற்றில்’ என்று சொல்லே உருமாறிவிடுகிறதே! அதற்கு நடுக்கோடு வேண்டும்: [[வெண்ணாறு|வெண்ணாற்றில்]]. கோட்டுக்கு இடப்பக்கம் போக வேண்டிய பக்கத்தின் பெயர், வலப்பக்கம் வாசகர் படிக்கும் சொல். ஆறுகளைப் பற்றித் தமிழில் எழுதப் போகிறவர் முதலில் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ள வேண்டியது இந்தக் கோட்டைத்தான்.

இல்லாத பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அது சிவப்பாகத் தெரியும். சிலர் அதை நீக்கிவிடச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதத் தகுந்த ஆறு என்றால் சிவப்பாகவே நிற்கட்டும். பார்க்கிற யாராவது ஒருவர் எழுதுவார்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று அட்டவணை. பெரியப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். மதகைத் திறந்து மூடும் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெண்ணாற்றுப் பக்கத்து ஷட்டர்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

{| என்று தொடங்க வேண்டும். |- புது வரிசை, | ஒரு கட்டம், ! தலைப்புக் கட்டம், கடைசியில் |} போட்டு மூட வேண்டும். ஆறு, பிரியும் இடம், முடியும் இடம் என்று மூன்று நெடுவரிசை வைத்தேன். கோரையாறும் பாமணியாறும் வெண்ணாற்றிலிருந்து இங்கே மூணாறு தலைப்பில்தான் பிரிகின்றன. இரண்டு வரிசைக்கும் பிரியும் இடம் ஒன்றே என்பதால் ரோஸ்பான் 2 என்று கொடுத்தேன், இரண்டு கட்டமும் ஒன்றாகிவிட்டது. பெரியப்பா திரையை உற்றுப் பார்த்தார்.

“தலைப்பைப் போட்டுட்ட. கடைசிக் கட்டம் காலியா கெடக்கே தம்பி. எங்க போய்ச் சேருதுன்னு போடலேன்னா அது பாதி ஆறுதான்.”

நியாயம்தான். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் என்று நிரப்பினோம். பத்தி பத்தியாக எழுதியிருந்தால் இந்த இடைவெளி கண்ணில் பட்டிருக்காது. கட்டம் போட்டால்தான் தெரியாதது எது என்று பளிச்சென்று தெரிகிறது.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்தாயிற்று. தெருவெல்லாம் குறுவைப் பேச்சு. நாற்றங்கால் வேலைக்கு நடுவே கிடைத்த ஒரு மணி நேரத்தில் வடவாற்றைப் பார்த்தேன்.

வடவாறு இரண்டு உண்டு. ஒன்று தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து தஞ்சாவூர் வழியாக வடுவூர் ஏரிக்கு வருவது. இன்னொன்று கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வீராணம் ஏரிக்குப் போவது. வெறுமனே [[வடவாறு]] என்று இணைத்தால் வடுவூர்க்காரர் வீராணத்துக்குப் போய்விடுவார். இப்படிப்பட்ட பெயர்களுக்காகவே பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம் இருக்கிறது: ஒரே பெயரில் உள்ளவற்றைப் பட்டியலிட்டு, எது எது என்று ஒரு வரியில் சொல்லி வழிகாட்டும். ஒரே ஆற்றுக்கு இரண்டு பெயர் என்றால் #வழிமாற்று போட்டு ஒரு பெயரிலிருந்து மற்றதற்கு அனுப்பிவிடலாம்.

ஜூன் 15, ஞாயிறு

நான் சேர்த்த ஒரு பத்திக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று ஒருவர் குறித்திருக்கிறார். முறைப்பாசனம் (வாய்க்கால்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது) நடந்த காலத்தில் எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் விட்டார்கள் என்று பெரியப்பா சொன்னதை எழுதியிருந்த பத்தி அது. பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால் யார், எந்த நேரத்தில், எந்த எழுத்தை மாற்றினார் என்பதுவரை தெரிகிறது. குறித்தவர் தொகுப்புச் சுருக்கத்தில் காரணத்தையும் மரியாதையாக எழுதியிருந்தார். ஏற்கெனவே வெளியான, பிறர் சரிபார்க்கக்கூடிய ஆதாரம் வேண்டும் என்பது விக்கியின் அடிப்படை விதி.

பெரியப்பாவிடம் சொன்னேன். “நான் பார்த்தது பொய்யா?” என்றார். பொய் இல்லை, பெரியப்பா. ஆனால் நாளைக்கு இன்னொருவர் வந்து வேறு மாதிரி சொன்னால், படிக்கிறவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? சொன்னதைக் கேட்டுக்கொண்டார். முகம் மட்டும் தெளியவில்லை. எனக்கும் மனசு ஆறவில்லை. அந்த அறிவு அச்சேறாமல் போனது அவர் குற்றம் அல்லவே.

ஜூன் 21, சனி

1906இல் வெளியான தஞ்சாவூர் மாவட்ட கெசட்டியர் இணையத்தில் ஸ்கேன் பிரதியாகக் கிடைக்கிறது. பாசன அத்தியாயத்தில் உட்கார்ந்தேன். வெள்ளைக்காரர் எழுத்தில் வெண்ணாற்றின் பெயரைப் பார்ப்பதே தனி உணர்வு. ஆனால் ஒரு எச்சரிக்கை. மேட்டூர் அணை முடிந்தது 1934இல். அதற்கு முந்திய நூலை இன்றைய நிலவரத்துக்குச் சான்றாகக் காட்டக் கூடாது. அதனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘1906 நிலவரப்படி’ என்று சேர்த்தே எழுதினேன்.

சான்று காட்டும் ரெஃப் குறிக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டால், அதே நூலை மறுபடி காட்டும்போது பெயரை மட்டும் சொன்னால் போதும், முழு விவரத்தையும் திரும்ப எழுத வேண்டாம். பக்க எண்ணை மட்டும் விடாதீர்கள். எண் இல்லாவிட்டால், சரிபார்க்க வருகிறவர் முழு நூலையும் புரட்ட வேண்டியிருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

உரையாடல் பக்கத்தில் பதில் எழுதி, கடைசியில் ~~~~ போட்டேன். பெயரும் நேரமும் தானாக விழுந்தன. முறைப்பாசனப் பத்தியை இப்போதைக்கு நானே எடுத்துவிட்டேன். துறையின் பழைய அச்சிட்ட விதிமுறைப் புத்தகம் எங்காவது கிடைத்தால் திரும்பப் போடலாம். மற்ற வரிகள் சான்றோடு நிற்கின்றன.

அப்புறம் ஒரு ஊர்க் கட்டுரை கண்ணில் பட்டது. இன்னும் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே இருந்தது. 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது. சீர்காழி வட்டத்து ஊர் அது. முதல் வரியை மட்டும் திருத்தினால் போதாது. தகவல் பெட்டி, அடியில் உள்ள பகுப்பு, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மாற்றினேன்.

அடுத்து வெட்டாறு. தென்பெரம்பூரில் பிரிவதிலிருந்து நாகூர் பக்கம் கடலில் சேர்வது வரை படம் வேண்டும். நானே எடுத்து, யாரும் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தும்படி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏற்றப் போகிறேன். சனிக்கிழமை கிளம்புகிறோம். எந்த இடத்தில் நின்று எடுத்தால் ஷட்டர் முழுதும் தெரியும் என்று பெரியப்பா இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.