பத்துப் பன்னிரண்டு பேரில் மாலர்

ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலர் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய நான்காவது சிம்பொனியை எர்வின் ஷ்டைன் 1921இல் சிறு குழுவுக்காகச் சுருக்கியதைத்தான் இந்த வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வியன்னாவில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1918இல் தொடங்கிய தனியார் இசைச் சங்கத்துக்காகச் செய்தது இது. புது இசையை அமைதியாகக் கேட்க வேண்டும் என்பதால் அங்கே கைதட்டக் கூடாது, விமர்சகர்களுக்கு அனுமதியில்லை. பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுக்கக் காசும் கிடையாது.

ஒரு புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், இரண்டு வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ், பியானோ, ஹார்மோனியம், தாளக் கருவிகள், கடைசிப் பகுதிக்கு ஒரு சோப்ரானோ, அவ்வளவுதான். ஹார்ன்களும் டிரம்பெட்டுகளும் மொத்தமாக அவுட்! காற்றுக் கருவிகள் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும் நீண்ட ஸ்வரங்களை ஹார்மோனியம் தாங்கிக்கொள்கிறது, பியானோவால் அது முடியாது, தட்டியவுடன் ஒலி தேயத் தொடங்கிவிடும். (நம் ஊர் ஹார்மோனியப் பெட்டி இல்லை, காலால் மிதித்து வாசிக்கும் ஐரோப்பிய வகை.)

இரண்டாம் பகுதியில் ஒரு ஸ்வரம் ஏற்றிச் சுருதி சேர்த்த தனி வயலின் வருமே, அது இங்கே இன்னும் கரகரப்பாக, பக்கத்தில் நின்று வாசிப்பதுபோலக் கேட்கிறது, எனக்கு மூலத்தைவிட இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் மூன்றாம் பகுதியின் முடிவில் சொர்க்கக் கதவு திறப்பதுபோல் வெடிக்கும் அந்த ஈ மேஜர் (சுருதியின் பெயர்) இடம் இருக்கிறதே, அங்கே பியானோ எவ்வளவு அடித்தாலும் போதவில்லை. சரி, அதற்கு மட்டும் பெரிய ஆர்கெஸ்ட்ராவைப் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.