கூரைக்குக் காசு கேட்டபோது

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலைத் திருப்பலி. வெளியே அடைமழை. ஃபாதர் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கும்போதே பாடகர் குழுவுக்குப் பின்னால் டொக் டொக் என்று சத்தம். அங்கே ஏற்கெனவே மூன்று பெயின்ட் வாளிகள் வைத்திருந்தார்கள். நான்காவதாக ஓர் இடத்தில் ஒழுக ஆரம்பித்ததும் கோயில் பிள்ளை எழுந்து போய் ஒரு பேசினை வைத்துவிட்டு, சத்தம் கேட்காமலிருக்க அதற்குள் துணி ஒன்றை மடித்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் பழகிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வாரமே கட்டட நிதிக் குழுவில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் கோயில் மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுனில், 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பகுதிக்குள் இருக்கிறது. செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக் கூரை. "ஜிங்க் தகரம் போட்டு மூடிவிடலாமே" என்று சிலர் கேட்டார்கள். நினைத்தபடி எதையும் மாற்ற முடியாது, மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும், பழைய மாதிரி ஓடுதான் போட வேண்டும். அதற்கு ஆகும் செலவும் அதிகம்.

நம் மக்கள் கொடுக்க மனமில்லாதவர்கள் இல்லை. ஜூலை 26-ஐ ஒட்டி புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள், எவ்வளவு தூரத்திலிருந்தெல்லாம் வந்து காணிக்கை போடுகிறார்கள். இங்கேயும் புதுச் சுரூபம், மாதா கெபி (குகைப்பீடம்), ஏர்கான் என்று அறிவித்தால் ஒரே வாரத்தில் யாராவது ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் அடைத்திருக்கும் இலையை அள்ள, கறையானுக்கு மருந்தடிக்க என்று கேட்டால் கை நீள்வதில்லை. அப்பா அம்மா நினைவாக என்று எழுதிவைக்க அங்கே இடமில்லையே, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த இலைதான் தண்ணீரைத் தேக்கி உத்தரத்தை உளுக்க வைக்கிறது.

சுவர் கதையையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் சுவரின் அடிப்பக்கம் ஈரம் ஏறிப் பூச்சு உதிர்ந்தபோது, நல்ல மனசுள்ள ஒருவர் பணம் கொடுக்க, அவசரத்தில் சிமெண்ட் பூசி, பளபளவென்று பெயின்ட்டும் அடித்தார்கள். பழைய செங்கல் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் வெளியே காய்ந்து போகும், சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்திப் பார்த்தேன், வெள்ளையாக உப்பும், அதன் பின்னாலேயே செங்கல் தூளும் கையில் கொட்டின. அதைச் சுரண்டி எடுத்து மறுபடி சுண்ணாம்பு பூச முதலில் ஆனதைவிடக் கூடுதல் செலவு.

சரி, காசு திரட்டிய கதைக்கு வருகிறேன். மார்ச்சில் உணவுச் சந்தை வைத்தோம். கூப்பன் புத்தகம் 20 வெள்ளி (ரிங்கிட்). மாதர் சங்கத்து அக்காமார் விடியற்காலை நாலு மணிக்கே வந்து தோசைக்கல்லைப் போட்டுவிட்டார்கள், பக்கத்திலேயே நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு கட்டுவதற்கு வாழையிலை துடைத்துக்கொண்டு எங்கள் பங்கின் (கோயில் சமூகத்தின்) சீன மக்களும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கூப்பன் மேசையில் இருந்தேன். ஒரு பாட்டி ஒரு புத்தகம் வாங்கி, நாலாக மடித்து வைத்திருந்த நோட்டைப் பிரித்து நீட்டிவிட்டு, "தம்பி, போன தடவை கொடுத்தோமே, அது என்ன ஆச்சு?" என்று கேட்டார். கோபமே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று முழுக்க அந்தக் கேள்விதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

திருச்சபைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று 1267-ஆம் எண் சொல்கிறது, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்று 537 சொல்கிறது. எங்கள் பங்கிலும் கணக்கு ஒழுங்காகத்தான் இருந்தது, யாரும் ஒரு காசு தொடவில்லை, ஆனால் அது அலுவலக அலமாரிக்குள் இருந்தது. கொடுத்தவருக்குத் தெரியாத கணக்கால் கொடுத்தவருக்கு என்ன பயன்?

ஃபாதரிடம் பேசினோம், உடனே சரி என்றார். வாசலில் ஒரு பலகை வைத்தோம். எந்த வேலை, எவ்வளவு கேட்டிருக்கிறார்கள், எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஓடு வாங்கிய ரசீதின் நகலையும், உளுத்துப்போன உத்தரத்தை ஏணியில் ஏறி எடுத்த போட்டோவையும் ஒட்டினோம். பெரிய தொகை வேண்டாம், முடிந்தவர்கள் மாதம் 10 வெள்ளி போதும் என்று ஒவ்வொரு அன்பியக் கூட்டத்திலும், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டத்திலும், போய்ச் சொன்னோம். வயதானவர்களுக்கு உறை, இளைஞர்களுக்குக் கைப்பேசியில் பணம் அனுப்ப டூயிட்நவ் கியூஆர். திருப்பலி முடிந்ததும் அந்தப் பலகைக்கு முன்னால் கூட்டம் நிற்க ஆரம்பித்தது. அந்தப் பாட்டியும் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்.

பாடகர் குழு பக்கத்துக் கூரை முடிந்துவிட்டது. போன வாரம் நல்ல மழை, வாளிகள் கிணற்றடியில் கவிழ்த்தபடியே இருந்தன. அடுத்தது மாடிப் படிக்கட்டு, கறையான் மூன்று படிகளை அரித்துவிட்டது, மருந்தடிப்பதற்கான விலை கேட்டுப் பலகையில் போட்டிருக்கிறோம். சனிக்கிழமை பூசை முடிந்ததும் வாசலில் உறையோடு நான்தான் நிற்பேன், வந்து பேசுங்கள்.